தை பதினேழாம் பக்கம்

ஆடி மாசத்துல மண்டபம் பாக்க வந்திருக்கேங்கிறீங்க. அதை நான் நம்பணும்.

கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. இருபத்திரண்டு வருசமா இந்த மண்டபத்துல மேனேஜர் நான். இந்த அருப்புக்கோட்டையில சௌந்திரபாண்டின்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது, மண்டபத்து மேனேஜர்னு கேட்டா வீட்டு வாசல்லயே கொண்டாந்து விட்டுருவான். ஆடியில இந்தப் படி ஏறுறவங்க மூணே வகைதான். வெள்ளையடிக்க வர்றவன், கரண்டு மீட்டர் பாக்க வர்றவன், எதையாச்சும் விசாரிக்க வர்றவன். உங்க சட்டையில சுண்ணாம்பும் இல்ல, கையில மீட்டர் நோட்டும் இல்ல.

அதுவும் வந்ததும் வராததுமா மேடையைப் பாக்கலை, சமையக்கட்டைப் பாக்கலை, நேரா அந்தக் கம்ப்யூட்டர் மேசையைப் பாத்தீங்க. இங்க முன்னாடி யாரு உக்காந்திருந்தான்னு கேட்டீங்க. மண்டபம் பாக்க வர்றவன் கக்கூஸ் எத்தனை, தண்ணி லாரி உள்ள வருமான்னுல்ல கேப்பான்?

மாரீஸ்வரியப் பத்தித்தானே?

ஆங். அப்படி வாங்க வழிக்கு. மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா? சாத்தூரா? சரி சரி. மாப்பிள்ளை என்ன வேலை? பால் பண்ணையிலயா, நல்லது. விசாரிக்காம பொண்ணெடுக்கக் கூடாது அண்ணாச்சி. நானா இருந்தாலும் விசாரிப்பேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, மூத்தவளுக்குப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம், எங்க தெருவுல இந்த வருசத்துல நாலு பேரு வந்து விசாரிச்சுட்டுப் போயிருக்கான். தெருவுல விசாரிச்சா தங்கம்பான், வைரம்பான். வேலை பாத்த எடத்துல விசாரிக்கணும், அதான் முறை. சரியான ஆள்கிட்டத்தான் வந்திருக்கீங்க. உள்ளதை உள்ளபடி சொல்றேன், கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

அந்தப் பொண்ணு இங்க வந்து ஒண்ணரை வருசம் ஒரு தொந்தரவும் இல்ல. அதை மறைக்கக் கூடாது. டான்னு ஒம்பது மணிக்கு வரும், 'வணக்கம்ணே'ங்கும், போனை எடுத்தா மரியாதையாப் பேசும். அப்பன் இல்லாத பொண்ணு, ஆத்தா தீப்பெட்டி ஆபீஸ்ல கூலி வேலை. அதெல்லாம் சரிதான். தொந்தரவு எப்ப வந்துச்சுன்னா, சின்ன முதலாளி சிங்கப்பூர்ல இருந்து அந்தச் சனியனைக் கொண்டாந்தாரு பாருங்க, அன்னைக்குத்தான்.

சனியன்னா என்னன்னு கேக்குறீங்களா? இந்தா, பையில இருக்கு, பாருங்க. ஆர்கனைசராம். சோப்பு டப்பா மாதிரி இருக்கா? இந்தக் குச்சியால கண்ணாடி மேல எழுதணும். சின்ன முதலாளி பிரபாகரு எங்கிட்ட என்ன சொன்னாரு, 'மேனேஜர், இனிமே நோட்டு, கார்பன், பேரேடு ஒண்ணும் வேண்டாம். நீங்க வெளிய போற எடத்துல யாராச்சும் தேதி கேட்டா இதுல எழுதுங்க. மாரீஸ்வரி ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல எழுதட்டும். சாயங்காலம் வந்து இதை இந்த ஸ்டாண்டுல சொருகி பட்டனை அமுக்குங்க. ரெண்டும் பேசிக்கும். இதுல உள்ளது அதுக்குப் போகும், அதுல உள்ளது இதுக்கு வரும்.'

நான் கேட்டேன், 'ரெண்டும் என்ன பேசிக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும் தம்பி?' அதுக்குச் சிரிச்சுட்டாரு. சிரிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு அண்ணாச்சி? ரெண்டு மனுசன் தனியாப் பேசினாலே நாம காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறோம். ரெண்டு பெட்டி பேசுறதை எப்படி நம்புறது?

அவரு இன்னொண்ணும் சொன்னாரு, இதைக் கவனிச்சுக்குங்க. பஞ்சாங்கத்தைப் பாத்து வருசத்துல உள்ள முகூர்த்த நாளுக்கெல்லாம் நாளுக்கொரு பக்கம் போட்டு வச்சாரு. வைகாசி ஒம்பது ஒரு பக்கம், ஆவணி நாலு ஒரு பக்கம், இப்படி. நானும் எழுதி, ஆபீஸ்ல அந்தப் பொண்ணும் அதே பக்கத்துல எழுதியிருந்தா, யாரு கடைசியா எழுதினாங்களோ அவங்க எழுதினது நிக்கும், முன்னாடி எழுதினது அழிஞ்சுபோகும். அதுதான் அதோட சட்டம். சரி, நியாயமான சட்டந்தான்னு ஒத்துக்கிட்டேன்.

மொத ரெண்டு மாசம் எனக்கு அதோட ஒரே சண்டை. காலையில ஆறு மணிக்கு கீச்சு கீச்சுன்னு கத்தும். எடுத்துப் பாத்தா 'இன்று கல்யாணம்'ங்கும். இன்னைக்குக் கல்யாணம்னு இன்னைக்குக் கத்தி என்ன பிரயோசனம்? வாழைமரத்துக்காரனுக்கு, பூக்காரனுக்கு, கேஸ்காரனுக்கெல்லாம் மொத நாளே சொல்லணுமா இல்லையா? அப்ப நான் என்ன பண்ணேன், அதோட தேதியை ஒரு நாள் முன்னாடி தள்ளி வச்சுட்டேன். நமக்குச் செவ்வாய்ன்னா அதுக்குப் புதன். எங்க வீட்டுல தினசரி காலண்டரும் அப்படித்தான், சாயங்காலம் வெளக்கேத்துனதும் அன்னைக்குத் தாளைக் கிழிச்சிருவேன். நாளைக்கு என்னான்னு இன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டவன் ஏமாற மாட்டான், எங்கய்யா சொல்லுவாரு. அதுக்கப்புறம் கச்சிதமா மொத நாளே கத்த ஆரம்பிச்சிருச்சு. யாரு சொல்லிக் குடுத்தா? நானே கண்டுபிடிச்சது.

யாருகிட்டயாச்சும் சொன்னேனான்னா... எதுக்குச் சொல்லணும்? என் பையில இருக்கிற டப்பா.

சரி, அதுக்குப் பின்னாடிதான் ஆரம்பிச்சுச்சு. ஒரு நாளு இந்தப் பொண்ணு வந்து நிக்குது. 'அண்ணே, நேத்து நான் ஆவணி நாலுல சமையக்காரர் மாறினதை எழுதி வச்சேன், இன்னைக்குப் பாத்தா காணோம்ணே. பழைய ஆளு பேரே இருக்கு'ங்குது. நான் 'ஒழுங்கா எழுதியிருக்க மாட்ட'ன்னு சொல்லிட்டேன். பத்து நாள் கழிச்சு மறுபடியும். 'அண்ணே, மதியம் போன்ல சொன்னாங்க, பொண்ணழைப்பு நேரத்தை மாத்தி எழுதினேன், மறுநாள் இல்லண்ணே. நீங்க எழுதினது மட்டும் அப்படியே இருக்கு, நான் எழுதினது மட்டும் எப்படிண்ணே போகுது?'

எப்படி இருக்கு பாருங்க. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னு சொன்ன கதையா இருக்கா இல்லையா? நான் கேட்டனா? காணோம் காணோம்னு தானா வந்து சொல்றவ மேலதான் எனக்கு மொதல்ல சந்தேகம் வந்துச்சு. எழுதினது எப்படிப் போகும்? யாரோ அழிச்சாத்தானே போகும்? அந்த மேசையில உக்காருறது யாரு? அவ ஒருத்திதான். என்னோடது ஒண்ணுகூடப் போகலை. அதையும் யோசிங்க. ஒரு எழுத்துகூடப் போகலை. மிஷினுக்கே தெரியுது யாரு பெரியவங்கன்னு, அப்படித்தான் நான் நினைச்சேன்.

அப்புறம் விசாரிச்சுப் பாத்தேன். நானும் சும்மா விட மாட்டேன்ல. அவளுக்குத் தாய்மாமன் ஒருத்தன் இருக்கான், ஒச்சப்பன்னு. அவன் எங்க வாட்ச்மேனா இருக்கான் தெரியுமா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி அப்பப் புதுசாக் கட்டிக்கிட்டு இருந்தாங்க பாருங்க, மங்கள விலாஸ் மண்டபம், அதுல. எனக்குப் பொறி தட்டிருச்சு. அண்ணாச்சி, எதிர் மண்டபத்துல மாமன், இங்க மருமக. நம்ம புத்தகத்துல உள்ளது அழிஞ்சுக்கிட்டே இருக்கு. ரெண்டையும் சேத்துப் பாருங்க. நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க?

சரி, கேளுங்க.

நான் கவனிக்க ஆரம்பிச்சேன். வெளிய போற மாதிரி போயிட்டு, திடீர்னு திரும்பி வருவேன். போன்ல பேசிக்கிட்டு இருந்தா தூணுக்குப் பின்னாடி நின்னு கேப்பேன். எல்லாம் தாம்பாளம் எத்தனை, ஜமக்காளம் எத்தனைங்கிற பேச்சுதான், ஆனா சங்கேதமாக் கூடப் பேசலாம்ல? ஒரு நாளு அப்படித் திரும்பி வந்தப்பத்தான் பாத்தேன். கம்ப்யூட்டர்ல எழுதி முடிச்சுட்டு, கைப்பையில இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, அதையே அதுலயும் எழுதுறா. என்னைக் கண்டதும் டக்குன்னு பையில போட்டுக்கிட்டா.

குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க. எதுக்கு மறைக்கணும்? நம்ம மண்டபத்துக் கணக்கு அவ பையில எதுக்கு? யாருக்குக் கொண்டுபோய்க் காட்ட?

ஐப்பசி ஒண்ணாந்தேதி, அவ சாப்பிட்டுக் கை கழுவப் போன நேரம், பை சேர்ல தொங்குச்சு. திறந்திருந்துச்சு. கிட்டத்தட்ட திறந்திருந்துச்சுன்னு வைங்களேன். நான் அந்த நோட்டை எடுத்து என் மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். சமயம் வர்றப்ப முதலாளிகிட்டக் காட்டலாம்னு. அந்தப் பொண்ணு ரெண்டு நாளு மேசைக்கடியில, பீரோவுக்குப் பின்னாடின்னு தேடிக்கிட்டே இருந்துச்சு. 'என்னம்மா தேடுற?'ன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்லண்ணே'ன்னுச்சு. ஒண்ணுமில்லையாம்!

நோட்டைப் படிச்சேனான்னு கேக்குறீங்க. அப்பப் படிக்கலை. அட்டையைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?

இப்பத்தான் தை பதினேழு வருது. கேளுங்க அண்ணாச்சி.

தை பிறந்து அஞ்சாம் நாளு. காலையில பத்து மணி இருக்கும். வெள்ளைச்சாமின்னு, நூல் கடை வச்சிருக்காரு, தட்டுல வெத்தலை பாக்கு பழத்தோட வந்து எனக்குப் பத்திரிகை வைக்கிறாரு. மகளுக்குக் கல்யாணம், தை பதினேழு, நம்ம மண்டபம். அவரு என்கிட்ட நேர்ல பேசி, நான் என் கையால குச்சியில எழுதின பார்ட்டி. சந்தோசமா வாங்கி மேசையில வச்சேன். அவரு தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே இன்னொரு குடும்பம் உள்ள வருது. ராமசுப்பு வாத்தியாரு, ரிட்டையர்டு. அவருக்கு மகன் கல்யாணம். தட்டை நீட்டுறாரு. பத்திரிகையைப் பிரிச்சுப் பாக்குறேன். தை பதினேழு. நம்ம மண்டபம்.

ரெண்டு பத்திரிகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறேன். ஒண்ணுல பிள்ளையார், ஒண்ணுல பெருமாள், கீழ ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம். ரெண்டு பேருமே ஊரு பூராப் பத்திரிகை குடுத்தாச்சு. பன்னெண்டே நாளு இருக்கு.

கம்ப்யூட்டரைத் திறந்தா தை பதினேழாம் பக்கத்துல வெள்ளைச்சாமி பேரு மட்டும் இருக்கு. ராமசுப்பு வாத்தியாரு சட்டைப்பையில இருந்து ரசீதை எடுத்தாரு. நம்ம கம்ப்யூட்டர்ல அடிச்ச ரசீது. புரட்டாசி மாசக் கடைசித் தேதி. கீழ மாரீஸ்வரி கையெழுத்து. அப்ப என்ன ஆச்சு? அவ எழுதியிருக்கா, ரசீது குடுத்திருக்கா, பின்னாடி அழிச்சிருக்கா. வெட்ட வெளிச்சம்.

முதலாளி தனுஷ்கோடி ஐயாவைக் கூப்பிட்டாச்சு. மனுசன் அப்படிக் கோவப்பட்டு நான் பாத்ததில்ல. ரெண்டு குடும்பமும் நிக்குது, சமையக்காரன் நிக்கிறான், எல்லார் முன்னாடியும் கேட்டாரு. 'ஏம்மா, யார்கிட்ட வாங்கிக்கிட்டு இந்த வேலையைப் பண்ணின?'ன்னு. அந்தப் பொண்ணு அழுகலை. அதுதான் எனக்கு அப்ப ஆச்சரியமா இருந்துச்சு. 'ஐயா, நான் எழுதினேன். அன்னைக்குச் சாயங்காலம் அண்ணன்கிட்டயும் தை பதினேழு உறுதியாச்சுன்னு சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டினாங்க'ன்னுச்சு.

ஆட்டினேந்தான். நான் வெள்ளைச்சாமியச் சொல்றான்னு நினைச்சேன். அன்னைக்குக் காலையிலதான் அவரு டீக்கடையில என்கிட்ட அந்தத் தேதியைக் கேட்டாரு, 'கேட்டிருக்காங்க'ன்னு நான் எழுதி வச்சிருந்தேன். யாருன்னு அவ பேரைச் சொல்லலையே. சொன்னாளோ என்னவோ, நான் ஸ்டாண்டுல டப்பாவைச் சொருகிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் என்னைப் பாத்துத் திரும்பினா. 'அண்ணே, என் நோட்டு காணாமப் போச்சு. சின்ன நோட்டு, பச்சை அட்டை. கம்ப்யூட்டர்ல போகுதேன்னுதான் எல்லாத்தையும் அதுல எழுதி, வாராவாரம் ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்தீங்களாண்ணே? பாத்திருந்தா குடுங்கண்ணே. அதுல எல்லாம் இருக்கு'ன்னுச்சு.

நான் என்ன சொன்னேன்னா...

தண்ணி குடிக்கிறீங்களா அண்ணாச்சி? வேண்டாமா. நான் குடிச்சுக்கிறேன்.

'எந்த நோட்டு?'ன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? முதலாளி நிக்கிறாரு, ரெண்டு கல்யாண வீட்டாரும் நிக்கிறாங்க, பொம்பளைங்க நிக்கிறாங்க. ஒரு வயசுப்பொண்ணோட கைப்பையைத் திறந்து எடுத்தேன்னு எந்த வாயால சொல்றது? ரெண்டு பொண்ணைப் பெத்தவன் நான். அந்த நிமிசத்துல வாயில அதுதான் வந்துச்சு. வந்ததை எப்படித் திரும்பி முழுங்குறது? அதுவும் அப்ப எனக்கு அவ திருடிங்கிறதுல சந்தேகமே இல்ல. அதைச் சேத்துக்குங்க.

அவ மேசைச் சாவியை முதலாளி முன்னாடி வச்சா. அப்புறம் கைப்பையை எடுத்துக்கிட்டு இறங்கிப் போயிட்டா.

அதோட விட்டாளா? அதுதான் இல்ல. மறுநாள் அந்த ராமசுப்பு வாத்தியாரு வீட்டுக்குப் போயி, 'எம்மேல தப்போ இல்லையோ, ரசீதுல என் கையெழுத்து இருக்கு'ன்னு சொல்லி, அவரைக் கூட்டிக்கிட்டு மாமன்கிட்டப் போயி, மாமனைப் பிடிச்சு மங்கள விலாஸ் ஓனரைப் பிடிச்சு, இன்னும் திறப்பு விழாகூட ஆகாத மண்டபம், ஜன்னலுக்குக் கண்ணாடி போடலை, அதைக் கழுவி விட்டுக் கல்யாணத்தை நடத்த வச்சுட்டா. தை பதினேழு அன்னைக்கு அவளே வாசல்ல நின்னு, பத்திரிகையைப் பாத்து இங்க வந்துட்டுத் திரும்பிப் போனவங்களுக்கெல்லாம் சந்தனம் குடுத்திருக்கா. நான் முதலாளிகிட்ட சொன்னேன், 'பாத்தீங்களாய்யா, நான் சொன்னது சரியாப் போச்சா? பார்ட்டி எங்க போயிருக்கு பாருங்க'ன்னு. அவரும் ஆமாம்னாரு. ஊரும் ஆமாம்னுச்சு. ஊருக்கு என்ன, வாயில போட்டு மெல்ல ஒண்ணு வேணும்.

அப்புறம் சின்ன முதலாளி சிங்கப்பூர்ல இருந்து போன் பண்ணி, மதுரையில இருந்து ஒரு கம்ப்யூட்டர் ஆளை அனுப்பினாரு. எதுக்கு அனுப்புறாரு? என் மேல சந்தேகமான்னு எனக்கு ஒரே யோசனை. அவன் வந்து கால் மணி நேரம் தட்டிப் பாத்தான். என் டப்பாவை வாங்கிப் பாத்தான். 'சார், இன்னைக்கு என்ன தேதி?'ன்னான். சொன்னேன். 'இதுல நாளைக்குத் தேதி ஓடுதே, யாரு வச்சா?'ன்னான்.

அவன் சொன்னதை அப்படியே சொல்றேன், நீங்க தலையெழுத்தேன்னு கேளுங்க. நான் திங்கக்கிழமை காலையில ஒண்ணை எழுதுறேன்னு வைங்க. டப்பா அதை செவ்வாய்க்கிழமை எழுதினதுன்னு குறிச்சு வச்சுக்கிடும். மாரீஸ்வரி திங்கக்கிழமை மதியம் அதே பக்கத்துல எழுதுறா. சாயங்காலம் பட்டனை அமுக்கினா ரெண்டும் பேசிக்குது. 'நீ எப்ப எழுதின?' 'திங்கள்.' 'நான் செவ்வாய். நான்தான் கடைசி. நீ போ.' அவ்வளவுதான். அவ எழுதினது போயிரும். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, ஆறு மாசமா, ஒரே பக்கத்தை நாங்க ரெண்டு பேரும் தொட்ட அன்னைக்கெல்லாம்.

நான் அவனை நம்பலை. நம்புவேனா? அவனுக்கும் ஒச்சப்பனுக்கும் என்ன பழக்கமோன்னு நினைச்சேன். 'தேதியை யாரு மாத்தினா சார்?'ன்னு மறுபடியும் கேட்டான். 'தெரியலைப்பா, அந்தப் பொண்ணா இருக்கும்'னு சொல்லி அனுப்பிட்டேன். முதலாளிகிட்ட நானே விவரமாச் சொல்லிக்கிறேன்னேன். சின்ன முதலாளிக்கும் மிஷின்ல கோளாறு இல்ல, சரி பண்ணியாச்சுன்னு நானே போன்ல சொல்லிட்டேன். அவன் போனதும் கதவைச் சாத்திக்கிட்டு டிராயரைத் திறந்து அந்த நோட்டை எடுத்தேன்.

இருந்துச்சு அண்ணாச்சி. முத்து முத்தா எழுதியிருந்தா. 'தை 17, ராமசுப்பு வாத்தியார், உறுதி, மதியம் 3 மணி. அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.' நான் எழுதினது அன்னைக்குக் காலையில. அவ எழுதினது மதியம். அவதான் கடைசி. மறுநாளே நான் நோட்டை எடுத்துட்டேன், அது அவ கையில இருந்திருந்தா அந்த வாரமே ஒத்துப் பாத்துக் கண்டுபிடிச்சிருப்பா. அதுக்கு முன்னாடி பக்கத்துல எல்லாம், 'இது போய்விட்டது, அண்ணனிடம் சொன்னேன்', 'இதுவும் போய்விட்டது, அண்ணனிடம் சொன்னேன்'. நோட்டு பூரா அண்ணன் அண்ணன்னு இருக்கு. அதை சமையக்கட்டு அடுப்புல போட்டுட்டேன்.

ஆமா, போட்டுட்டேன். தேதியையும் அன்னைக்கே சரி பண்ணிட்டேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு தப்பு இல்ல. முதலாளி போன மாசம்கூடச் சொன்னாரு, 'அந்தப் பொண்ணு போனதுல இருந்து ஒரு பிரச்சினையும் இல்ல பாத்தியா சௌந்திரபாண்டி'ன்னு. நான் ஆமாய்யான்னேன்.

இதை ஏன் உங்ககிட்டச் சொல்றேன்னு தெரியலை. ஆறு மாசமா எம்பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலை. நீங்க பாட்டுக்கு நான் சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, அதான் எல்லாம் வந்துருச்சு. எடுங்க அண்ணாச்சி, அந்தப் பொண்ணைத் தாராளமா எடுங்க. தங்கமான பொண்ணு. ஆனா நான் சொன்னேன்னு முதலாளி காதுக்கு மட்டும் போயிறக் கூடாது. என் பொண்ணுக்கும் நாளைக்கு யாராச்சும் விசாரிச்சு வருவாங்கல்ல?

என்னது? உங்க அக்காவா, மாப்பிள்ளையோட அம்மாவா? வாசல்லயா, கார்லயா?

அப்ப நீங்களே போயிச் சொல்லுங்களேன். ஏன், உங்க பேச்சை நம்ப மாட்டாங்களா? ஓ. மாப்பிள்ளைக்குப் பிடிச்சுப்போனதால நீங்க பூசி மெழுகுறீங்கன்னு நினைக்கிறாங்களா. 'மண்டபத்துல கைவரிசை காட்டினவ'ன்னு யாரோ சொல்லிட்டாங்களா. மேனேஜர் வாயால கேட்டாத்தான் சம்மதமா. இல்லன்னா இன்னைக்கே வேண்டாம்னு சொல்லியனுப்பிருவாங்களா.

கூப்பிடாதீங்க அண்ணாச்சி. இருங்க, கொஞ்சம் யோசிச்சு... அவங்களே இறங்கி வர்றாங்க.

வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. பரவாயில்ல, நான் நிக்கிறேன். ஆமாம்மா, நான்தான் மேனேஜர். ஆமா, எங்ககிட்டத்தான் வேலை பாத்துச்சு. கேளுங்கம்மா, ஒளிவு மறைவு இல்ல.

இல்லம்மா. பண்ணலை. அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணலை. சாமி சத்தியமா. ஊர்ல சொல்றதெல்லாம் பொய். எம்பொண்ணுங்க மேல சத்தியமாச் சொல்றேன்மா.

அப்ப யாரு பண்ணினதா?

அது வந்தும்மா... மிஷின். மிஷின்தான். சிங்கப்பூர் மிஷினா, நம்ம ஊரு தேதி அதுக்குப் பிடிபடலை. அண்ணாச்சிகிட்ட எல்லாம் விவரமாச் சொல்லியிருக்கேன். என்ன அண்ணாச்சி? சொன்னேன்ல?

ஐயோ, எதுக்கும்மா கையெடுத்துக் கும்பிடுறீங்க? வேண்டாம்மா. நான் உள்ளதைத்தானே சொன்னேன். ஏம்மா கண் கலங்குறீங்க? நல்ல பொண்ணும்மா, நல்லா இருக்கும். ஆவணி மொத வெள்ளிக்கிழமையா நிச்சயம்? ரொம்பச் சந்தோசம். நானா? நான் எதுக்கும்மா? இல்லம்மா, நான் யாரு, வெறும் மேனேஜரு. அப்பன் இல்லாத பொண்ணுதான், அதுக்காக நான்... அதான் ஒச்சப்பன் இருக்கான்ல, மாமன். இந்த ஊர்ல அந்தப் பொண்ணுக்கு நல்ல வார்த்தை சொன்ன ஒரே மனுசனா நான்? அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. பொண்ணு வீட்டுப் பக்கம் சபையில முன்னாடி உக்காந்து தாம்பூலம் மாத்தணுமா, என் கையாலயா?

சரிம்மா. சரி. போயிட்டு வாங்க. வர்றேன், பாப்போம்.

அண்ணாச்சி, நீங்க இருங்க, ஒரு நிமிசம். அவங்க கார்ல ஏறட்டும். நீங்க எப்படியாச்சும் சொல்லிருங்க. எனக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லன்னு, வேற முகூர்த்தம் இருக்குன்னு, எதையாச்சும் சொல்லுங்க. சிரிக்காதீங்க. உங்களுக்கு அவளைத் தெரியாது. வாசல்ல வச்சு என்னை நாலு கேள்வி கேட்டாள்னா நான் நின்னு வாங்கிக்குவேன். செருப்பைக் கழட்டினாக்கூட நியாயந்தான்னு நின்னுக்குவேன். ஆனா அவ அப்படிப்பட்ட பொண்ணு இல்ல அண்ணாச்சி. அன்னைக்குப் பட்டுச் சேலை கட்டிக்கிட்டு, என்னைக் கண்டதும் எந்திரிச்சு நின்னு, 'வாங்கண்ணே'ன்னு கூப்பிடுவா. அப்ப நான் எங்க போயி மூஞ்சியை வச்சுக்குவேன்?